கையெழுத்துக்கும் கப்பலுக்கும் நடுவே

2025 செப்டம்பர் தொடக்கத்தில் மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டு முதல்வராக ஜெர்மனியில் முதலீட்டாளர்களைச் சந்தித்தார். சந்தித்த ஊர் டுசெல்டார்ஃப். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வாய் குழறாமல் சொன்னது நான் ஒருத்திதான். தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பழகிய ஊர். ஜிடிஎஸ் என்ற காலணிக் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு முறை அங்கேதான் நடந்துவந்தது. இப்போது அந்தப் பெயரில் நடப்பதில்லை. நடந்த காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை முதலாளிகளைக் காட்பாடி ரயில் நிலையத்தில் பார்ப்பதைவிட அந்த அரங்கின் காப்பிக் கடையில் பார்ப்பது சுலபம்.

நான் வாலாஜாப்பேட்டைக்காரி. ராணிப்பேட்டையில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவு என் இடம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், வங்கிக்குப் போக வேண்டிய எல்.சி. காகிதங்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். ஒரு தடவை முதலாளி என்னையும் டுசெல்டார்ஃபுக்கு அழைத்துப் போனார். எனக்கு ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டும் ஆசை எல்லாம் அவருக்கு இல்லை. விலைக் கணக்கு எனக்கு மனப்பாடம், ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும், அவ்வளவுதான். பெட்டியில் பாதி இடம் ஷூக்களுக்கு. சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான் கொண்டுபோவோம். பெண்களுக்கு 37, ஆண்களுக்கு 42. மீதிப் பாதியில் ரஸ்க், ஊறுகாய், என் இரண்டு ஸ்வெட்டர்.

முதல்வர்களின் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்காட்சி அரங்கில் நடந்தவைதான் நினைவுக்கு வருகின்றன. ஊரில் இந்தப் பேச்சு இரண்டே வகையில்தான் நடக்கிறது. ஒரு பக்கம் கோடிகளைச் சொல்லி மாலை போடுகிறது. மறுபக்கம் அரசுச் செலவில் சுற்றுலா என்கிறது. இரண்டு தரப்புக்கும் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதில் அக்கறை இல்லை.

அரங்கில் நடப்பது இதுதான். பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், வருவார். ஷூவை எடுத்து முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். அடிப்பாகத்தை வளைப்பார். மூக்கருகே கொண்டுபோவார். நோட்டுப் புத்தகத்தில் எண்ணைக் குறித்துக்கொள்வார். பிறகு நம் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்குவார், ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றிரவு முதலாளி ஹோட்டல் அறையில் காகிதத்தில் கணக்குப் போடுவார்: இந்த பையர் இத்தனை ஆயிரம் ஜோடி, அந்த பையர் இத்தனை ஆயிரம் ஜோடி. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவருக்குத் தெரியும், வேலை இனிமேல்தான் என்று.

ஊர் திரும்பியதும் தொடங்கும். பையர் கேட்ட நிறத்தில், கேட்ட தோலில், மறுபடி சாம்பிள் செய்து அனுப்ப வேண்டும். அது அங்கே போய் ஏதாவது ஒரு தையல் கோடு சரியில்லை என்று திரும்பி வரும். தோலைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் என்ற நச்சு ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 2015-இலிருந்து அது சட்டம். அதில் தேறினால் விலைப் பேச்சு. யூரோவில்கூட இல்லை, சென்ட்டில். அதற்கும் பிறகு பையரின் ஆட்கள் ஆலையைப் பார்க்க வருவார்கள். அவர்கள் முதலில் போகிற இடம் முதலாளி அறை என்று நினைக்க வேண்டாம். கழிப்பறைகளை எண்ணுவார்கள். தீ பிடித்தால் வெளியேறும் கதவு பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பார்கள். சம்பளப் பதிவேட்டை வாங்கிப் புரட்டுவார்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று குழாயைத் தொடர்ந்து நடப்பார்கள். எல்லாம் முடிந்தால் சில நூறு ஜோடிக்கு ஒரு சோதனை ஆர்டர் வரும். அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்மையான ஆர்டர். டுசெல்டார்ஃபில் கையைக் குலுக்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் முதல் மின்னஞ்சலுக்கே பதில் போடவில்லை. அதற்காக முதலாளி போனது வீண் என்று யாரும் சொல்லவில்லை. மீதிப் பாதியில் ஒருவர் இன்றைக்கும் சரக்கு எடுக்கிறார்.

ஆகவே வெளிநாட்டில் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தம் எனக்கு அந்த நோட்டுப் புத்தகக் குறிப்பு. ஆர்டர் அல்ல. அதை ஆர்டர் என்று சொல்லிப் பொங்கல் வைப்பதும் தப்பு, வெறும் காகிதம் என்று கிழித்துப் போடுவதும் தப்பு.

இப்போது எண்களுக்கு வருகிறேன். எண்ணைப் பார்த்தால் கணக்குப் போடாமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. 2019-இல் எடப்பாடி பழனிசாமி பிரிட்டன், அமெரிக்கா, துபாய் போய் வந்தார்: 8,835 கோடி ரூபாய், 35,000-க்கும் மேல் வேலை என்றார்கள். ஸ்டாலின் 2022-இல் துபாய், அபுதாபி. 2023-இல் சிங்கப்பூர், ஜப்பான். 2024 தொடக்கத்தில் ஸ்பெயின். அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் அமெரிக்கா: 7,616 கோடி, 11,516 வேலை. 2025-இல் ஜெர்மனி, பிரிட்டன்: 33 ஒப்பந்தங்கள், 15,516 கோடி, 17,613 வேலை. 2019-இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் வெள்ளை அறிக்கை கேட்டார். பிறகு எதிர்க்கட்சி வரிசைக்கு வந்த பழனிசாமி வெள்ளை அறிக்கை கேட்டார். நாற்காலி மாறினால் கேள்வியும் இடம் மாறிக்கொள்கிறது. பதில் மட்டும் யாரிடமும் இடம் மாறுவதில்லை. இருவரும் வேட்டியை விட்டுக் கோட்டு சூட்டுக்கு மாறியதைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு அந்த ஒப்பந்தங்கள் எந்தத் தாலுகாவில் வந்து இறங்கின என்று பேசியிருக்கலாம்.

கோடியையும் வேலையையும் வகுத்துப் பாருங்கள். 2019 கணக்கில் ஒரு வேலைக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் முதலீடு. அமெரிக்கக் கணக்கில் 66 லட்சம். ஜெர்மனி, பிரிட்டன் கணக்கில் 88 லட்சம். கோடி ஏற ஏற வேலையும் அதே அளவில் ஏறும் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தியைக் கேட்கிறோம். அப்படி இல்லை.

எங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாம். நெமிலி பக்கத்தில் பனப்பாக்கம் சிப்காட், மாநில அரசு நிறுவனத்தின் தொழிற்பேட்டை. அங்கே டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் செய்யும் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-இல் அடிக்கல் நாட்டினார்கள்: 9,000 கோடி, சுமார் 5,000 வேலை. ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம். அதே பனப்பாக்கத்தில் அந்த ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹோங் ஃபு காலணி ஆலைக்கு அடிக்கல்: 1,500 கோடி, 25,000 வேலை. ஒரு வேலைக்கு 6 லட்சம். பணம் ஆறில் ஒரு பங்கு, ஆள் ஐந்து மடங்கு. செய்திகளில் எதற்கு அதிக இடம் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார் என்றால் நமக்கு ஒரு மயக்கம். செருப்பு என்றால் வாசலுக்கு வெளியே.

கார் ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் ஒன்று வந்தால் அதைச் சுற்றி இருக்கை, கம்பி, கண்ணாடி, ரப்பர் என்று சிறு ஆலைகள் வரும். ஒரகடமும் மறைமலை நகரும் அப்படித்தான் வளர்ந்தன. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் ஒருத்தி நெமிலியில் இருந்தால் அவளுக்கு வழி திறப்பது எது என்று கேட்டால், தையல் மிஷின்தான். செய்யாறில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கி காலணிகள் செய்கிறது. 1989-இல் மாவட்டம் பிரியும்வரை செய்யாறும் எங்கள் வடாற்காடுதான். அங்கே வேலை செய்கிற பல்லாயிரம் பேரில் பெரும்பான்மை பெண்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அதில் ஏராளம்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல்வர்களின் பயணப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். அதில் தைவான் இல்லை. எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய எண்ணிக்கையில் வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் முதல்வர் போகாத தேசத்திலிருந்து வந்தது. டாடாவுக்காகவும் யாரும் கடல் தாண்டவில்லை. அந்த ஒப்பந்தம் சென்னையில் கையெழுத்தானது. தைவான்காரர்கள் வந்ததற்குக் காரணம் செய்யாறில் ஏற்கெனவே ஒரு தைவான் ஆலை நன்றாக ஓடியது, 2022-இல் அரசு காலணிக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது, முதலீட்டாளர்களை அழைத்துவரும் மாநில அரசின் கைடன்ஸ் நிறுவனத்து அதிகாரிகள் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. புதிய பையர் எங்களிடம் வருவதும் பழைய பையர் வாய்வழியாகத்தான்.

அப்படியானால் முதல்வர் ஏன் போக வேண்டும்? இதற்கு எனக்குத் தெரிந்த பதில், முறிந்ததை ஒட்டவைக்க. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை மூடிக் கிடந்தது. 2024 செப்டம்பரில் ஸ்டாலின் அமெரிக்காவில் ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்தார். அந்த மாதமே ஏற்றுமதிக்காக அந்த ஆலையைத் திரும்பப் பயன்படுத்தும் விருப்பத்தை நிறுவனம் கடிதமாகத் தந்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடியில் என்ஜின் செய்ய ஒப்பந்தம். உற்பத்தி 2029-இல் என்கிறார்கள். எங்கள் தொழிலிலும் கோபித்துக்கொண்டு போன பையரை மாஸ்டரோ நானோ போய்ச் சமாதானம் செய்ய முடியாது. முதலாளி போய் உட்கார வேண்டும். அதற்கு மட்டும் பெரிய மனிதர் தேவை. மற்றதையெல்லாம் கோப்பைக் கையில் வைத்திருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்பெயின் பயணத்தில் எங்கள் ராணிப்பேட்டைக்கு நேராக வந்த செய்தி ஒன்று உண்டு. ரோக்கா நிறுவனம் 400 கோடிக்கு ஒப்பந்தம் செய்தது. ராணிப்பேட்டை, பெருந்துறை ஆலைகளை விரிவாக்க. ஊரில் அதைப் பாரி கம்பெனி என்றுதான் இன்னும் சொல்வார்கள். வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பைகள் செய்கிற பாரிவேர்தான் பிறகு ரோக்காவுக்குப் போனது. 400 கோடிக்கு 200 வேலை என்றார்கள். நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்கெனவே இருக்கிற ஆலையை விரிவாக்கவா மாட்ரிட் வரை போக வேண்டும் என்று என் தம்பி கேட்டான். பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கிறவர் பார்சிலோனாவில் இருந்தால் அங்கேதான் போய்ப் பேச வேண்டும் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பி எதைத்தான் ஒப்புக்கொண்டான்.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. சில நாளில் முதல்வர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். அந்த வாரம் ஆம்பூரில் இருக்கும் என் தோழி பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி: கட்டி வைத்த சரக்கை ஏற்றுவதா, நிறுத்துவதா? பையர் தள்ளுபடி கேட்கிறார், முதலாளி தலையில் கை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஜெர்மனி, பிரிட்டன் ஆர்டர்கள்தான் அதிகம் என்பதால் மூச்சு விட முடிந்தது. அதே ஆண்டு ஜூலை 24-இல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அந்த ஒப்பந்தப்படி எங்கள் காலணிகளுக்கு அங்கே சுங்கவரி இல்லை. முதல்வர் லண்டன் வரை போனார். இங்கே வந்து ஆலை போடுங்கள் என்று கேட்டது சரி. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்கெனவே ஓடுகிற ஆலைகளிடம் வாங்குங்கள் என்று கேட்க ஒரு அரை நாள் ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வருகிற வேலையைப் பற்றி அறிக்கை வருகிறது. இருக்கிற வேலை போகாமல் காப்பதற்கு அறிக்கை வருவதில்லை. அடுத்த முறை எந்த முதல்வர் போனாலும் பெட்டியில் எங்கள் ஒற்றைக் கால் ஷூ நாலைந்துக்கு இடம் விடட்டும். நானே கட்டித் தருகிறேன்.

அடுத்து தண்ணீர். இதைப் பேசாமல் ராணிப்பேட்டையில் எவரும் முதலீடு என்று வாய் திறக்கக் கூடாது. சிப்காட் 1971-இல் தொடங்கியது. அதன் ஆரம்ப வளாகங்களில் ஒன்று எங்கள் ஊர். வந்தது வேலை, அதோடு வந்ததையும் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவைப் பற்றிய வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் வேலூர் பெயரோடுதான் அதைப் படிக்கிறார்கள். ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனம் செய்த ஆலை ஒன்று தொண்ணூறுகளில் மூடிக்கொண்டு போனது. விட்டுப் போன குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சளாக நீர் ஓடும். 2015 ஜனவரி 31 விடிவதற்குள், சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலோர்.

ஒப்பந்தம் போட வருகிறவரிடம் எத்தனை கோடி, எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளைத்தான் நாம் கேட்கிறோம். எங்கள் பையரின் ஆட்கள் எங்களிடம் கழிவு எங்கே போகிறது என்று குழாயோடு நடந்து கேட்கிறார்களே, அதே கேள்வியை நாம் திருப்பிக் கேட்டால் யாரும் ஓடிப்போக மாட்டார்கள். நல்ல நிறுவனம் அதற்குப் பதில் வைத்திருக்கும். பதில் இல்லாதவர் வராமல் இருப்பதே நல்லது. இது என் முடிவு.

வெள்ளை அறிக்கை கேட்கிறார்களே, அதில் எனக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தாள் உண்டு. சாம்பிள் ஒப்புதல் என்றைக்கு, தோல் வந்தது என்றைக்கு, வெட்டியது, தைத்தது, பெட்டியில் கட்டியது, கப்பல் ஏறியது என்றைக்கு என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். எங்கே நிற்கிறது என்று யார் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டினால் போதும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் அப்படி ஒரு வரி மாவட்ட ஆட்சியர் அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். நிலம் ஒதுக்கியது, சுற்றுச்சூழல் அனுமதி, மின் இணைப்பு, ஆள் எடுத்தது, அதில் இந்த மாவட்டத்தவர் எத்தனை, பெண்கள் எத்தனை. நின்றுபோனது என்றால் நின்றுபோனது என்று எழுதட்டும். எங்கள் மேசையிலும் நின்றுபோன ஆர்டர்கள் உண்டு, யாரையும் தூக்கிலிடவில்லை. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் மட்டும் 6.64 லட்சம் கோடி என்றார்கள். அத்தனை பெரிய எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? தாலுகா வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் பனப்பாக்கத்துக்காரர் பனப்பாக்கத்தைப் பார்த்துக்கொள்வார், சோளிங்கர்க்காரர் சோளிங்கரை.

என் அக்கா மகள் காவேரிப்பாக்கத்தில் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை. விடியற்காலை ஷிஃப்ட் என்றால் இருட்டில் எழுந்து நெடுஞ்சாலைக்கு வந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாள். போகவும் வரவும் ஆகும் நேரத்தில் இன்னொரு அரை ஷிஃப்ட் வேலை பார்த்துவிடலாம். பனப்பாக்கம் அவளுக்குப் பக்கம். அங்கே வரும் ஆலை ஒன்றில் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டு போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். “சித்தி, இவர்கள் நிலைப்பார்களா? பழைய வேலையை விட்டுவிடலாமா?” என்றாள்.

நிலைப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்விகளைச் சொன்னேன். நிரந்தரம் யார் பெயரில், ஆலையின் பெயரிலா, இடையில் ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரர் பெயரிலா? பயிற்சிக் காலத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா? தைக்கிற இடத்திலிருந்து கழிப்பறைக்குப் போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இரண்டாவது ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குக் காவேரிப்பாக்கம் வரை வண்டி உண்டா, இல்லை நெமிலியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்களா? அவள் எல்லாவற்றையும் கைபேசியில் தட்டிக்கொண்டாள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை பழைய வேலையை விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.